வலுவில்லாத பசைதான் வேண்டும்

பழைய காலண்டர் ஒன்றைச் சுருட்டி அலமாரியில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து மாட்டிப் பாருங்கள். கீழ்முனை சுருண்டு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஜப்பானியர்கள் வீட்டில் மாட்டும் எழுத்தோவியச் சுருள் அப்படிச் செய்வதில்லை. கக்கெஜிகு என்பது அதன் பெயர். வருடத்தில் பெரும்பகுதி பெட்டிக்குள் சுருண்டே கிடக்கும். பருவத்துக்கு ஏற்ற வாசகம் என்று எடுத்து டோக்கோனோமா எனும் மாடத்தில் மாட்டினால், நேராக இறங்கி அமைதியாக நிற்கும்.

இதன் ரகசியம் பசையில் இருக்கிறது. அதிலும் வலுவில்லாத பசையில். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

எழுதிய தாள் தனியாகத் தொங்க முடியாது. மையின் ஈரத்திலேயே அது நெளிந்திருக்கும். அதனால் பின்பக்கம் மெல்லிய கைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். எழுத்தை நேரடியாகத் தாங்கும் முதல் தாளுக்கு மட்டும் புதிதாகக் காய்ச்சிய கோதுமை ஸ்டார்ச் பசை. அடுத்தடுத்த தாள்களுக்கு ஃபுருநோரி, அதாவது ‘பழைய பசை’. கடுங்குளிர் மாதத்தில் காய்ச்சி, ஜாடியில் ஊற்றி, குளிர்ந்த இருட்டில் பத்து வருடம் போல வைத்துவிடுவார்கள். நுண்ணுயிர்கள் ஸ்டார்ச்சின் நீளமான மூலக்கூறுகளை மெல்ல மெல்லத் துண்டாக்கும். கடைசியில் கிடைப்பது ஒட்டும் சக்தி குறைந்த, ஆனால் காய்ந்த பிறகும் விறைக்காத பசை.

சரி, ஒட்டாத பசையை வைத்து எப்படி ஒட்டுவது? அடித்துத்தான். உச்சிபக்கெ என்ற கனமான தூரிகையால் ஈரத்தாளின் முதுகில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போவார்கள். இரு தாள்களின் இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும். பசை பாதி, பின்னல் பாதி. வாஷி எனும் அந்தக் கைத்தாளில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. கோஸோ என்ற செடியின் பட்டையிலிருந்து வரும் இழை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளமானது. மரக்கூழ்த் தாளின் இழை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு நீள இழைகள் தண்ணீரில் சிக்காமல் பரவுவதற்கு டொரோரோ ஆவோய் என்ற செடியின் வேரிலிருந்து வரும் வழுவழுப்பைச் சேர்ப்பார்கள். நம் வெண்டைக்காயின் நெருங்கிய சொந்தம் அது.

ஒட்டிய சுருளைக் கரிபாரி என்ற பலகையில் ஓரங்களை மட்டும் ஒட்டி, இழுத்த நிலையில் வாரக்கணக்கில் காயவிடுவார்கள். மரச்சட்டத்தின்மேல் பல அடுக்குத் தாள் ஒட்டி, புளிக்கவைத்த பெர்சிமன் பழச்சாறு பூசிய பலகை அது. மழைநாளில் சுருள் விரியும், வெயில்நாளில் சுருங்கும். தாளும் அதைச் சுற்றி ஓரமாக வரும் பட்டும் இந்த இழுபறியில் ஒன்றுக்கொன்று பழகிய பிறகுதான் உருளைக்கட்டை பொருத்துவார்கள். அதற்கு முன் முதுகைக் கண்ணாடி மணிகளால் தேய்த்து இளக்கவும் செய்வார்கள்.

வீட்டுக்கென்று ஒன்றைச் சொல்லிச் செய்பவர்கள் பெரும்பாலும் வாசகத்தையும் பட்டின் நிறத்தையும் மட்டும்தான் யோசிப்பார்கள். ‘இச்சிகோ இச்சியே’ (வாழ்வில் ஒரே ஒரு சந்திப்பு) போன்ற தேநீர்ச் சடங்கின் வாசகமா, இணக்கம் என்று பொருள்படும் ‘வா’ என்ற ஒற்றை எழுத்தா என்பது மனசைப் பொறுத்தது. பட்டு அப்படியில்லை. கனமான ஜரிகைப் பட்டு ஈரக்காற்றில் ஒரு மாதிரி விரியும், எழுதிய தாள் வேறு மாதிரி விரியும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட, பட்டுக்கு மெல்லிய பின்தாள், எழுத்துக்குத் தடித்த பின்தாள் என்று கைவினைஞர் மாற்றி மாற்றிப் பார்ப்பார். எழுத்துக்கு மேலே விடும் இடத்தைக் கீழே விடுவதைவிட அதிகமாக வைப்பார்கள். தரைப்பாயில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கும் கண்ணுக்கு அதுதான் நிறைவாகத் தெரியும்.

மையைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். சுமி என்பது புகைக்கரியும் வஜ்ஜிரப் பசையும் கலந்த கட்டி. நாரா நகரம் இதற்குப் பேர்போனது. எண்ணெய் விளக்கின் கரி மிக நுண்ணியது, கறுப்பில் லேசாகப் பழுப்பு தட்டும். பைன் மரக்கரியின் துகள் பெரிது, நீர்த்தால் நீலம் காட்டும். நன்றாகக் காய்ந்தபின் வஜ்ஜிரம் கரியை இழையோடு பிடித்துக்கொள்வதால், முதுகில் தண்ணீர் தெளித்து ஒட்டினாலும் எழுத்து கலையாது. பிள்ளைகள் பழகும் சில பாட்டில் மைகள் அந்த ஈரத்தைத் தாங்காமல் பரவிவிடும். அவற்றில் எழுதியதைப் பசையில் ஒட்டக் கொடுக்கக் கூடாது.

சுருட்டுவதற்கும் கணக்கு உண்டு. சுருள் அரை மில்லிமீட்டர் தடிமன், கட்டை இரண்டரை சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்புறம் உட்புறத்தைவிடச் சுமார் 4 சதவீதம் நீள வேண்டியிருக்கும். அதே சுருளை, உருளைக்கட்டைக்கு மேல் மாட்டும் ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள உறைக்கட்டைமேல் சுற்றினால் இது 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தடித்த வண்ணம் பூசிய ஓவியச் சுருள்களுக்கு அப்படி ஒரு கட்டையையும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

இப்போது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் படலத்தால் அழுத்தி ஒட்டுவதும் உண்டு. சீக்கிரம் முடியும், விலையும் குறைவு. ஆனால் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். கோதுமைப் பசையில் ஒட்டியதோ நூறு வருடம் கழித்து மடிப்பு விழுந்தால், ஈரப்படுத்தி, பின்தாள்களை இடுக்கியால் துண்டு துண்டாக உரித்தெடுத்துவிட்டு, அதே எழுத்துக்குப் புது முதுகு கட்டலாம்.