சளி பிடித்த குழந்தைக்குத் தடுப்பூசி போடலாமா?

மூக்கொழுகும் குழந்தையைத் தட்டம்மைத் தடுப்பூசிக்காகத் தூக்கிவரும் தாயிடம், "சளி சரியானதும் அடுத்த வாரம் வாருங்கள்" என்கிறார் செவிலியர். தடுப்பூசித் தயக்கம் என்றதும் பெற்றோரே நம் நினைவுக்கு வருகின்றனர். இங்கே தாய் தயங்கவில்லை, ஊசி போட வேண்டியவர்தான் தயங்குகிறார்.

லேசான காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, குறைப்பிரசவம் ஆகிய எதுவும் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கோ அது கூடுதலாகவே தேவைப்படுகிறது. குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் அன்றாடம் எண்ணற்ற நுண்ணுயிரிகளை ஒரே நேரத்தில் சமாளித்து வருவதால், சளிக் கிருமியோடு சேர்த்துத் தடுப்பூசியில் உள்ள சில புரதங்களையும் அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்வது அதற்குப் பெரும் சுமையன்று. முந்தைய தவணையில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டிருப்பதும், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் பொறுத்தவரை எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியிருப்பதுமே உண்மையான தடைகளில் முக்கியமானவை. கடும் நோயென்றால், அது தணியும்வரை காத்திருக்கலாம். இடையில் தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

இவற்றைப் படித்தறிந்தவர்கூடக் கையை இழுத்துக்கொள்வதுண்டு. ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வந்தால் பழி ஊசி போட்டவர்மேல் விழும். போடாமல் அனுப்பிய குழந்தைக்குச் சில மாதங்கள் கழித்துத் தட்டம்மை வந்தால் அந்தச் செவிலியரை யாரும் நினைப்பதில்லை. ஆகவே தள்ளிப்போடுவது எச்சரிக்கை உணர்வுபோலத் தோன்றிவிடுகிறது. ஆனால் எதிர்ப்பாற்றல் பெறாதவர்களிடையே ஒரு தட்டம்மை நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு நோய் பரவக்கூடும் என்பதாலும், அதைத் தடுக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இரு தவணைகளும் சென்று சேர வேண்டும் என்பதாலும், திருப்பியனுப்பப்பட்டவர்களில் சிலர் மீண்டும் வராமல் போனாலே இடைவெளி விழுந்துவிடுகிறது.

பேசும் விதத்திலும் இந்தத் தயக்கம் கசிகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மருத்துவர்–பெற்றோர் உரையாடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில், "இன்று இந்த ஊசிகள் போட வேண்டும்" என்று தொடங்கியபோது மறுத்த பெற்றோரைவிட, "என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கப்பட்டபோது மறுத்தவர்களே மிகுதி. முதலில் மறுத்தவர்களிடம் மருத்துவர் தம் பரிந்துரையைக் கைவிடாமல் தொடர்ந்தபோது ஏறக்குறையப் பாதிப்பேர் இசைந்தனர். தொடரும் அந்த உறுதி, தாய் கேட்கும் அடுத்த கேள்விக்கு விடை தெரிந்திருந்தால்தான் வரும்.