கப்பல்ல வயிறு கலக்கினா மறைக்காதீங்க, கையில போடற சானிடைசர் ஜெல்லும் உங்களைக் காப்பாத்தாது

இந்தத் தடவை எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். நான் பாசஞ்சர் கப்பல்ல மெடிக்கல் சென்டர் நர்ஸ். உலகம் சுத்துற நீண்ட பயணம், ஜனவரில கிளம்பினா நாலு மாசம் ஓடும். பசிபிக் தாண்டுறப்ப ஹவாய்லேர்ந்து சமோவா வரைக்கும் அஞ்சு நாள் கரையே கண்ணுல படாது. அப்படி ஒரு நடுக்கடல்ல, அலையே இல்லாத நாள்ல, ஒருத்தர் வந்து "சீ சிக்னஸ்தான் சிஸ்டர், கடல் ஒத்துக்கல"ங்கறார். எந்தக் கடல் சார் ஒத்துக்கல? மேல் டெக்ல டேபிள் டென்னிஸ் ஆடிட்டிருக்காங்க, பந்து நேராத்தான் போகுது. அவராவும் வரலை, கேபின் ஸ்டீவர்ட் பாத்ரூமைப் பாத்துட்டு எங்களுக்கு போன் பண்ணினதால வந்தார். வாந்தி ஆரம்பிச்சு ரெண்டு நாள் ஆச்சாம். அந்த ரெண்டு நாளும் பஃபேல சாப்பிட்டிருக்கார், லைப்ரரில ஜிக்சா மேஜைல உக்காந்திருக்கார்.

அந்த மேஜையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், கரையில இருக்கறவங்களுக்குப் புரியாது. கடல் நாள்ல ஆயிரம் துண்டு பசில் ஒண்ணைக் கொட்டி வச்சிருப்பாங்க, யாருக்கும் சொந்தமில்ல, போறவர்றவங்க எல்லாம் நின்னு ஒரு துண்டை எடுத்து, ரெண்டு மூணு இடத்துல வச்சுப் பாத்து, பொருந்தலன்னா திருப்பிப் போட்டுட்டு, பக்கத்துல இருக்கற பிஸ்கட்டை எடுத்து வாயில போட்டுட்டுப் போவாங்க. ஒரே துண்டை ஒரு நாள்ல எத்தனை விரல் தொடும்னு நீங்களே யோசிங்க. காலைல டெக்ல வாக்கிங், அப்புறம் லெக்சர், ட்ரிவியா, பிரிட்ஜ் சீட்டு, லைன் டான்ஸ், சாயந்திரம் டீ, நடுவுல துணி துவைக்கிற ரூம்ல மெஷினுக்குச் சண்டைன்னு நாலு மாசமும் அதே ஆளுங்க, அதே கைப்பிடி, அதே லிஃப்ட் பட்டன், அதே கரண்டி. வாந்தி பேதியைக் குடுக்கற நோரோவைரஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நூறு வைரஸ்கூட வேண்டாம் ஒருத்தரைப் படுக்க வைக்க, அதுக்கும் கீழயே போதும். காஞ்ச கைப்பிடில நாள்கணக்குல உயிரோட உக்காந்திருக்கும்.

இப்ப என்னை எரிச்சல் படுத்துற விஷயத்துக்கு வரேன். "நான் ஜெல் போட்டுட்டுத்தானே சிஸ்டர் போனேன்?"

கோவிட் வந்து நமக்கு இந்தப் பழக்கத்தைக் குடுத்துட்டுப் போயிடுச்சு. ரெஸ்டாரன்ட் வாசல்ல க்ரூ பசங்க "வாஷி வாஷி"ன்னு பாடிட்டு ஜெல் பீச்சுவாங்க, நீங்களும் ரெண்டு கையையும் தேய்ச்சுட்டு கை சுத்தமாயிடுச்சுன்னு நேரா தோசைக்கல்லு பக்கம் (ஆமா, சில கப்பல்ல தோசை உண்டு) போயிடறீங்க. கேளுங்க. கொரோனாவுக்கு மேல ஒரு கொழுப்பு உறை இருக்கு, ஆல்கஹால் அதைக் கரைச்சுடும், கதை முடிஞ்சுது. நோரோவுக்கு அந்த உறையே கிடையாது. கெட்டியான புரோட்டீன் ஓடு மட்டும்தான், ஆல்கஹால் அதுகிட்ட பெருசா எடுபடாது. "எங்க ஜெல் 70 பர்சென்ட் சிஸ்டர், ஸ்ட்ராங்"கறாங்க. 70 ஆனாலும் சரி, வீட்லேர்ந்து பையில தொங்க விட்டுக் கொண்டு வந்த வாசனை ஜெல் ஆனாலும் சரி, இந்த வைரஸ் விஷயத்துல அதை நம்பிச் சாப்பிட உக்காராதீங்க. சரி, சோப்பு அதைக் கொன்னுடுமான்னு கேப்பீங்க. சோப்பும் கொல்லாது! சோப்பு போட்டுத் தேய்க்கிறப்ப அது தோல்லேர்ந்து பிரிஞ்சு வரும், ஓடுற தண்ணி அடிச்சுட்டுப் போயிடும், அவ்வளவுதான் விஷயம். அதனாலதான் 20 செகண்ட் தேய்க்கச் சொல்றது, அதனாலதான் விரல் நுனி, கட்டை விரல், மோதிரத்துக்கு அடியிலன்னு சொல்லிட்டே இருக்கோம். ஜெல் போட்டா வைரஸ் எங்கயும் போகலை, உங்க கையிலேயேதான் இருக்கு, இப்ப கை வாசனையா இருக்கு. புதுசா கட்டுற கப்பல்கள்ல பஃபே வாசல்லயே கை கழுவுற தொட்டி வைக்கிறாங்கன்னா சும்மா அழகுக்கா?

அடுத்தது "நேத்து ராத்திரி அந்த மீன் சரியில்ல". எல்லாரும் மீனைத்தான் சொல்வாங்க. கிருமி உள்ள போய் 12லேர்ந்து 48 மணி நேரம் கழிச்சுத்தான் வயிறு பேசும், அதனால நேத்து ராத்திரி மீன்மேல பழி போடறதுக்கு முன்னாடி முந்தாநாள் டூர் பஸ், அங்க பிடிச்ச கம்பி எல்லாத்தையும் யோசிங்க. கப்பல் கிச்சனைத் திட்டறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், அமெரிக்கத் துறைமுகத்துக்கு வர்ற கப்பல்கள்ல சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு அமைப்பு) ஆளுங்க சொல்லாம வந்து ஏறுவாங்க, 100க்கு 86 வாங்கினாத்தான் பாஸ், ஃபிரிட்ஜ் டெம்பரேச்சர்லேர்ந்து தண்ணில குளோரின் வரைக்கும் பாப்பாங்க. அதே சிடிசி கணக்குல, பதிவாகுற நோரோ பரவல்கள்ல கப்பல்ல நடக்கறது 1% தான். மீதி கரையிலதான் நடக்குது. கப்பல்ல எண்ணுறோம், அதனால தெரியுது.

எண்ணுறதுன்னா இப்படி. 24 மணி நேரத்துல மூணு தடவை பேதி, இல்லன்னா வாந்தியோட காய்ச்சலோ வயித்துவலியோ உடம்புவலியோ ஏதாவது ஒண்ணு, உடனே உங்க பேர் எங்க பதிவேட்டுல ஏறும். பயணிகள்லயோ க்ரூலயோ 2% பேர் ஆனா தனியா ரிப்போர்ட், 3% ஆனா பரவல்னு வெளில அறிவிப்பாங்க. 2000 பயணிங்க இருக்கற கப்பல்ல அது 60 பேர். கப்பல் கடைல பேதி நிறுத்துற மாத்திரை கேட்டா மெடிக்கல் சென்டருக்குப் போங்கன்னு அனுப்பறதும் இதனாலதான், யாருக்குக் குடுத்தோம்னு எழுதி வைக்கணும். ஆனா நீங்க ஊர்லேர்ந்தே அந்த மாத்திரையைப் பெட்டில போட்டுட்டு வந்துடறீங்க! அதை முழுங்கிட்டு பேதி நின்னுடுச்சுன்னு ட்ரிவியாவுக்குப் போறீங்க. பேதிதான் நின்னுது, கிருமி நிக்கலை. உடம்பு சரியானப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் அது வெளியேறிட்டே இருக்கலாம்.

ஏன் மறைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். கேபின்ல அடைச்சுடுவாங்கன்னு பயம், காசு குடுத்து புக் பண்ண டூர் போயிடுமேன்னு பயம், கூட வந்தவங்க என்ன நினைப்பாங்கன்னு வெட்கம். நியாயம்தான். ஆனா என்ன நடக்கும்னு கேட்டுக்கோங்க: எல்லாம் நின்னப்புறம் ஒரு நாள், சில கப்பல்ல ரெண்டு நாள், கேபின்லயே இருக்கணும். கஞ்சி, டோஸ்ட், சூப் எல்லாம் ரூமுக்கே வரும். பல கப்பல்ல இந்த ஒரு விஷயத்துக்கு டாக்டர் ஃபீஸ்கூட வாங்கறதில்ல. சமையல் பக்கம் வேலை பாக்கற க்ரூவுக்கும் இதேதான், வயிறு சரியானாலும் 48 மணி நேரம் வேலைக்கு விடமாட்டோம்.

நீங்க மறைச்சா நடக்கறது வேற. பஃபேல நீங்களா எடுத்துக்கறது நிக்கும், உப்பு டப்பா மேஜைலேர்ந்து போயிடும், ஜிக்சா, லைப்ரரி புக் எல்லாம் உள்ள போகும், ஒரு ஸ்டீவர்ட் பையன் கவுன் மாட்டிட்டு ராத்திரி முழுக்க உங்க கேபினைக் கிருமிநாசினி போட்டுத் துடைப்பான். துறைமுகத்துக்கு முன்னாடி கேப்டனும் டாக்டரும் சுகாதார அறிவிப்புல கையெழுத்துப் போடணும், அதுல இத்தனை பேருக்கு இதுன்னு எழுதியாகணும். குட்டித் தீவு, ஒரே ஆஸ்பத்திரி, அவங்க யோசிக்கத்தான் செய்வாங்க. இறங்க விடலைன்னா உங்க ஒரு டூர் இல்ல, மொத்தக் கப்பலோட டூரும் போச்சு.

இதுல எனக்கு உண்மையிலேயே பயம் வயசானவங்களைப் பத்தித்தான். இப்ப நிறைய பிள்ளைங்க அப்பா அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டு வரீங்க, சந்தோஷம். அப்பாவுக்கு வாந்தி பேதி, தண்ணி உள்ள நிக்கலை, ஆனா காலைல வழக்கம்போல நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சுகருக்கான மெட்ஃபார்மின் எல்லாம் கரெக்டா குடுத்துடறீங்க. உடம்புல தண்ணியே இல்லாதப்ப நீர் மாத்திரை கிட்னியைத்தான் அடிக்கும். எங்ககிட்ட ஐசியு பெட் இருக்கு, வெண்டிலேட்டர் இருக்கு, எக்ஸ்ரே, லேப் இருக்கு. டயாலிசிஸ் கிடையாது. ஹெலிகாப்டர் வரும்னு சினிமால பாத்திருப்பீங்க, நடுப் பசிபிக்ல அது வர்ற தூரத்துக்குள்ள நாம இருக்கவே மாட்டோம். அதனால வயிறு கலங்கின அன்னைக்கு எந்த மாத்திரையை நிறுத்தணும் எதைத் தொடரணும்னு எங்களைக் கேளுங்க, நீங்களா நிறுத்தவும் வேண்டாம் குடுக்கவும் வேண்டாம். இன்சுலின் போடறவங்களுக்கு இன்னொண்ணு, மேற்கால போறப்ப சில ராத்திரில கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, தேதிக்கோடு தாண்டினா ஒரு நாளே காணாமப் போகும், அந்த டைமிங்கையும் முதல் வாரமே வந்து பேசிடுங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. சாப்பிடறதுக்கு முன்னாடியும் டாய்லெட் போனதும் சோப்பு, தண்ணி. ஜெல் அதுக்கு மேல போட்டுக்கோங்க, வேண்டாங்கல. டாய்லெட் மூடியை மூடிட்டு ஃப்ளஷ் பண்ணுங்க. பொது பாத்ரூம் வேண்டாம், முடிஞ்சவரைக்கும் உங்க கேபினுக்குப் போங்க. பொது இடத்துல வாந்தி வந்துடுச்சா, டிஷ்யூ எடுத்துத் துடைக்க ஆரம்பிக்காதீங்க தயவுசெஞ்சு, தள்ளி நின்னு க்ரூ யாரையாவது கூப்பிடுங்க, துடைக்கறதுக்கு அவங்ககிட்ட தனி கிட் இருக்கு. ஓஆர்எஸ் பாக்கெட் பத்து எடுத்துட்டு வாங்க, ஊறுகாயைவிட எடை கம்மி. தினசரி மாத்திரையை செக்-இன் பெட்டில போடாதீங்க, கைப்பையில வைங்க, பயணத்தைவிட ரெண்டு வாரம் கூடுதலா வைங்க. கைப்பிடி பிடிக்காதீங்கன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன், கப்பல் ஆடறப்ப விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா அது இதைவிடப் பெரிய தலைவலி. பிடிங்க, அப்புறம் கழுவுங்க.

கேபின் ஃபோன்லயே எங்க நம்பர் எழுதியிருக்கும். ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்போம், திட்டமாட்டோம். ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னாத்தான் திட்டுவோம்.