மேலே சூடு, கீழே தணுப்பு: வெட்சூட் எடுக்கும் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி. அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம். அப்படியே கரையோரமாகப் போனால் விழிஞ்ஞம், கோவளம். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரை நெடுகக் கடல்நீர் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இந்தத் தண்ணீரில் முங்குவதற்கு எதற்கு வெட்சூட் எனும் ரப்பர் உடுப்பு என்று ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு முக்குளிப்பது, பழக வருகிறவர்கள் கேட்பதுண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால் சும்மா மிதக்கும் உடம்பு சூட்டை இழக்காமல் இருக்க வேண்டுமானால், நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே எந்த நீரிலும் நமக்கு நட்டக் கணக்குதான். நட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் வித்தியாசம். காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 25 டிகிரி அறையில் சட்டை போடாமல் படுத்துத் தூங்கலாம். 25 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தால் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும்.

சரி, வெட்சூட் இதை எப்படித் தடுக்கிறது? உள்ளே புகும் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைப் போர்த்திக்கொள்கிறது என்று பலர் விளக்குவார்கள். பாதி உண்மை. அந்தத் தண்ணீரும் வெப்பத்தைக் கடத்தத்தான் செய்யும். காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் இதைத்தான் கண்டுகொண்டார்: துணிக்குள்ளேயே வாயு சிறைப்பட்டிருந்தால், முக்குளிப்பவர் நனைந்தாலும் பாதகமில்லை. அதுவரை தண்ணீர் புகாத உடுப்பு செய்வதில்தான் எல்லாரும் மெனக்கெட்டார்கள்.

ஒரு பழைய வெட்சூட்டை வெட்டிப் பார்த்தால், ஆப்பத்தைப் பிய்த்தது போல உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆப்பத்தின் துளைகள் ஒன்றோடொன்று திறந்தவை, அதனால் குழம்பை உறிஞ்சும். நியோப்ரீனின் துளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. அவற்றுக்குள் தண்ணீர் போகாது. இனயம், கடியப்பட்டினம் பக்கம் சிப்பி எடுக்க முங்குகிறவர்களில் சிலர் பழைய முழுக்கைச் சட்டையோடு இறங்குவார்கள். பாறையும் சிப்பியும் கீறாமல் இருக்க அது போதும். குளிருக்கு உதவாது, பருத்தி நூலிழைகளுக்கு இடையில் இருந்த காற்றெல்லாம் நனைந்த நொடியே வெளியேறிவிடும்.

குமிழி என்றால் அழுத்தத்துக்குக் கட்டுப்பட்டதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 மடங்கு, குமிழியின் பருமன் பாதி. 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு, பருமன் கால்வாசி. ரப்பர் சுருங்காது, குமிழி சுருங்கும். ஆக கடையில் 5 மில்லிமீட்டர் என்று வாங்கியது அடியில் 5 மில்லிமீட்டராக இருப்பதில்லை. நம்மை மிதக்கவைக்கும் தன்மையும் கூடவே போகும். மேலே ஈயக்கட்டி கட்டினால்தான் முங்க முடிகிறது என்கிற ஆள், கீழே போனதும் கல்லாகக் கனப்பது இதனால்தான். குளிர் கூடும் இடத்தில்தான் உடுப்பு மெலிகிறது. வெட்சூட் தேர்வில் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். அதனால் கைபேசியில் பார்க்கும் கடல்மட்ட வெப்பநிலையை வைத்து உடுப்பு எடுக்கக் கூடாது என்பேன். நாம் நேரம் செலவழிக்கப் போகும் ஆழத்தின் வெப்பநிலைதான் கணக்கு.

நம் கரையில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுவது ஆனி, ஆடியில். தென்மேற்குப் பருவத்தில் காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கித் தள்ளும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது கரையைவிட்டு வெளியே நகர்கிறது. அது விட்ட இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. சத்து நிறைந்த நீர். சாளை மீன் பெருகுவதும் இதன் தயவில்தான். மேற்பரப்பே 25 டிகிரி பக்கம் இறங்கும், கீழே இன்னும் குறையும். பருவம் தணிந்து வெயில் வந்ததும் மேல்நீர் சீக்கிரம் சூடேறும், அடியில் பழைய குளிர் கொஞ்ச நாள் தங்கும். “மேல ஒண்ணும் தெரியாதுண்ணே, ரெண்டு ஆள் ஆழம் போனா தணுப்பு முகத்துல அடிக்கும்” என்று சிப்பி எடுக்கும் தம்பி ஒருவர் சொன்னார். அந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம்; சூடும் குளிரும் கலக்கும் இடத்தில் தண்ணீர் கலங்கலாக நெளியும்.

எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு வழக்கத்தில் உள்ள கணக்கு: 28 டிகிரிக்கு மேல் என்றால் மெல்லிய நீச்சல் உடுப்போ 2 மில்லிமீட்டரோ போதும், கடற்சொறியும் (ஜெல்லி மீன்) பாறையும் படாமல் இருந்தால் சரி. 24 முதல் 28 வரை 3 மில்லிமீட்டர். 20 முதல் 24 வரை 5. அதற்குக் கீழே 7, தலையுறை, கையுறை. 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் புகாத டிரைசூட்தான். ஒல்லியானவர்கள், ஒரே நாளில் பலமுறை இறங்குகிறவர்கள், படம் எடுப்பதற்காக ஒரே இடத்தில் நிற்கிறவர்கள் இதில் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். கோவளத்தில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை முங்குவதற்கு 3 மில்லிமீட்டர் தாராளம்.

ஆனால் தொளதொள என்ற 5 மில்லிமீட்டரைவிடக் கச்சிதமான 3 மில்லிமீட்டர் மேல். உள்ளே இருக்கும் தண்ணீர் நிற்கும்வரைதான் குமிழிகள் காக்கும். ஒவ்வோர் அசைவிலும் புதுத்தண்ணீர் கழுத்து வழியாக ஏறி இறங்கினால், அதைச் சூடாக்கும் செலவு நம் உடம்புடையது. போட்டுப் பார்க்கும்போது நடுமுதுகுக் குழி, அக்குள், கவட்டை மூன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று பொதுக்கென்று நகர்ந்தால் அங்கே தண்ணீர் ஓடும். குந்தி எழுந்து, கையைத் தூக்கி, மூச்சை இழுத்துப் பாருங்கள். மார்பு இறுகி மூச்சு முட்டினால் அளவு சின்னது. வாடகை உடுப்பென்றால் முழங்காலையும் தோளையும் விரலிடுக்கில் பிடித்து நசுக்குங்கள். பலமுறை ஆழம் போய்வந்த நியோப்ரீனில் குமிழிகள் செத்து, அட்டை போல ஆகியிருக்கும். அப்புறம் அதில் எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தால் என்ன? உள்ளே உலோகப் பூச்சு இருக்கிறது, உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்பும் என்று விலை ஏற்றுவார்கள். நீருக்குள் கதிர்வீச்சாக இழக்கும் வெப்பம் மிகச் சொற்பம். அந்தக் காசுக்கு நல்ல தலையுறை ஒன்று வாங்கலாம்.

வளைகுடா நாடுகளில் கடல் வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கத்தாரில் கோடையில் 30 டிகிரிக்கு மேலே கொதிக்கும் கடல், ஜனவரியில் 20 டிகிரிக்குக் கிட்டே இறங்கும். ஓமனின் சலாலாவில் கதை தலைகீழ்: நம் ஆனி ஆடியில் அடிக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் அடிநீரை மேலே இழுக்கிறது, அதனால் நடுக்கோடையில்தான் கடல் குளிரும். ஜூலையில் அங்கே இறங்குகிறவர் ஊரிலிருந்து கொண்டுபோன 3 மில்லிமீட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, 5 மில்லிமீட்டரும் தலையுறையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.