ஆர்கன்: சொல்லும் பொருளும், கூடவே ஒரு ராக் இசைத்தட்டும்

1970-இல் இங்கிலாந்தின் ஹார்வெஸ்ட் நிறுவனம் 'குவாட்டர்மாஸ்' என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. குழுவின் பெயரும் அதுதான். பிபிசி 1953-இல் ஒளிபரப்பிய அறிவியல் புனைவுத் தொடரில் வரும் பேராசிரியரின் பெயர் அது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பழங்காலப் பறக்கும் பல்லிகள் சிறகு விரித்துப் போகும் அட்டைப்படம் இன்றும் சேகரிப்பாளர்களுக்குப் பிடித்தமானது. குழுவில் மூன்றே பேர்: பேஸ் கிட்டாரும் குரலும் ஜான் கஸ்டஃப்சன், டிரம்ஸ் மிக் அண்டர்வுட், ஆர்கன் ஜே. பீட்டர் ராபின்சன். லீட் கிட்டாருக்கு ஆளே இல்லை. ஹார்ட் ராக்கில் அந்தக் கிட்டார் செய்யும் வேலை அத்தனையையும் இங்கே ஆர்கன் செய்கிறது.

இப்படிப்பட்ட தட்டுகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடிப்பது 'ஆர்கன்' என்ற சொல்தான். அகராதியைத் திறந்தால் 'உறுப்பு' என்று இருக்கும். கேள்விப்பட்ட வரையில் அது தேவாலயத்து வாத்தியம். அப்படியானால் உறுமும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் இந்த ஆர்கன் எது?

மூலம் கிரேக்கச் சொல் 'ஓர்கனோன்'. வேலை செய்ய உதவும் எதுவும் ஓர்கனோன்தான்: தச்சனின் உளி, பாணனின் யாழ், உடம்பின் கண், காது. லத்தீனில் அது 'ஓர்கனும்' ஆகி, ஐரோப்பிய மொழிகளில் இசைக்கருவி, உடலுறுப்பு என்ற இரண்டு பொருளோடும் தங்கிவிட்டது. தமிழில் இதற்கு நேர் நிற்பது 'கருவி'. இசைக்கருவி என்கிறோம், சைவ சித்தாந்தத்தில் புலன்களையும் மனத்தையும் சேர்த்துக் 'கருவி கரணங்கள்' என்கிறார்கள். அதே இரட்டைப் பொருள்!

பொதுச்சொல் ஒரு குறிப்பிட்ட வாத்தியத்தின் பெயரானதற்குப் பின்னால் அலெக்சாண்டிரியாவின் கிரேக்கப் பொறியாளர் க்டெசிபியோஸ் இருக்கிறார். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக வைத்து, வரிசையாக நிறுத்திய குழல்களை ஒலிக்கச் செய்தார். தேவாலயங்களின் பேருருவ வாத்தியம் இதன் வழிவந்ததே. இந்தச் சொல் தமிழ் வேதாகமத்தோடும் உரசிப் போயிருக்கிறது. ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பு ஆர்கன் என்று எழுதிய இடத்தில், நம் பழைய மொழிபெயர்ப்பு ஆதியாகமத்தில் 'நாகசுரக்காரர்' என்கிறது. 150-ஆம் சங்கீதத்தில் 'தீங்குழல்' என்கிறது. எபிரேய மூலம் காற்றுக் கருவி ஒன்றைச் சொல்வதால் தமிழே பொருத்தமாக அமைந்திருக்கிறது.

சரி, ராபின்சன் வாசித்ததற்கு வருவோம். அது ஹேமண்ட் ஆர்கன். அதில் குழலும் கிடையாது, காற்றும் கிடையாது. கடிகார மோட்டார்களில் தேர்ந்த லாரன்ஸ் ஹேமண்ட் சிகாகோவில் உருவாக்கி 1935-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே 91 சிறு உலோகச் சில்லுகள் ஒரே மோட்டாரால் சுழல்கின்றன. ஒவ்வொரு சில்லின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள். பக்கத்தில் கம்பி சுற்றிய காந்தம். மேடு கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்னோட்டம் அசைய, அந்த அசைவே சுரமாகிறது. கட்டைகளுக்கு மேலே ஒன்பது இழுகோல்கள். எந்த மேற்சுரம் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரம்) எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை இழுக்கும் அளவு தீர்மானிக்கும். அந்தக் கோல்களின் மேல் 16, 8, 4 என்று எழுதியிருக்கும். அவை அடிக்கணக்கில் குழல் நீளங்கள்! இல்லாத குழலின் நீளத்தை இந்தப் பெட்டி இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

குழல் வாத்தியம் செய்பவர்கள் சும்மா விடவில்லை. இதை ஆர்கன் என்று சொல்லி விற்கக் கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையத்திடம் போனார்கள். 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் இரண்டையும் மறைவாக வாசித்துக் காட்டி, எது குழல் வாத்தியம், எது ஹேமண்ட் என்று கேட்க வந்தவர்களைச் சொல்லச் சொன்னார்கள். பலர் தவறாகவே சொன்னார்கள். 1938-இல் வந்த முடிவில் ஆர்கன் என்ற பெயர் ஹேமண்டுக்கு நிலைத்தது. குழல் வாத்தியத்துக்கு ஈடான திறன் என்று விளம்பரம் செய்வதற்கு மட்டும் தடை வந்தது.

என் பார்வையில் அந்தப் பெயருக்கு ஹேமண்ட் முழுத் தகுதி பெற்றது பின்னால்தான், அதுவும் தன் குறைகளால். ஒரு கட்டையை அழுத்தினால் அடியில் ஒன்பது தொடுமுனைகள் சேர வேண்டும். அவை ஒரே கணத்தில் சேர்வதில்லை. அதனால் சுரத்தின் தலையில் 'டக்' என்று ஒரு சத்தம். பொறியாளர்கள் அதைப் பிழை என்று நினைத்து ஒழிக்கப் பார்த்தார்கள். ஜாஸ், ராக் கலைஞர்களோ அந்த 'டக்'கைத்தான் தாளமாக எடுத்துக்கொண்டார்கள். டான் லெஸ்லி செய்த சுழலும் ஒலிபெருக்கியைச் சேர்த்து, அது திணறும் அளவுக்கு ஒலியைக் கூட்டினால் கிட்டாருக்கு நிகரான கரகரப்பு கிடைத்தது.

குவாட்டர்மாஸ் தட்டில் ஆர்கனின் தேவாலய முகம், ராக் முகம் இரண்டையும் கேட்கலாம். முதல் துண்டான 'என்ட்ரோப்பி' சிறிது நேரமே வந்தாலும் தேவாலயத்து வாசல் போலத் திறக்கிறது. உடனே 'பிளாக் ஷீப் ஆஃப் த ஃபேமிலி' முட்டிக்கொண்டு வருகிறது. டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோருக்கு இந்தப் பாட்டின் மேல் தீராத ஆசை. குழுவினர் ஒத்துவராததால் 1975-இல் தன் புதிய குழுவான ரெயின்போவின் முதல் தட்டில் பதிவு செய்தார். மூலக்குழுவோ ஒரே தட்டோடு கலைந்துபோயிருந்தது.

தமிழில் எப்படி எழுதலாம்? உறுப்பு என்பது உடம்புக்கு மட்டும். தேவாலயத்து வாத்தியத்துக்குக் 'குழலணி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வரிசையாக நிற்கும் குழல்களை அது சொல்லிவிடும். ஹேமண்டைக் குழலணி என்றால் பொய். வயலினையும் ஆர்மோனியத்தையும் போல 'ஹேமண்ட் ஆர்கன்' என்றே எழுதுவது நேர்மை. அதன் பாகங்களுக்குத் தமிழ் தாராளமாகப் பொருந்தும்: சுரச்சில்லு, இழுகோல், சுழல் ஒலிபெருக்கி. விசைக்குக் 'கட்டை' என்றே சொல்லலாம். 'ஐந்து கட்டை சுருதி' என்று ஆர்மோனியத்தை வைத்து நாம் பேசிவருவதுதானே. அந்த 'டக்'குக்குக் கட்டைச் சொடுக்கு.