எல்லாமே அவசரம் என்றால்

1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்ந்தது. 26 பேர் காயமடைந்தனர். திறந்திருப்பதாகத் திரையில் தெரிந்த ஒரு வால்வு உண்மையில் மூடிக் கிடந்தது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் ஒலித்த அலாரங்கள் 275. இரண்டரை நொடிக்கு ஒன்று! அங்கிருந்த 2,040 அலாரங்களில் 87 சதவீதம் ‘மிக முக்கியம்’ என்று குறிக்கப்பட்டிருந்தன.

ஆலைகளில் அலாரங்களைச் சீரமைப்பது என் தொழில். பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னால் மேலாளர்கள் அந்த இருவருக்காக உச்சுக்கொட்டுவார்கள். அப்போதும் மேஜைமேல் அவர்களுடைய கைபேசிகள் அதிர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஓர் ஆலைத் தலைவரின் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன். உற்பத்தி, பராமரிப்பு, பாதுகாப்பு, கேன்டீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. “கொதிகலன் பம்பில் கசிவு கூடுகிறது, நிறுத்தலாமா?” என்று இரவு ஷிப்ட் பொறியாளர் கேட்டிருந்தார். அதற்கு மேலே காலை வணக்க ரோஜா, கீழே யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக். அந்த வரிசையில் தலைவர் போட்டுக்கொண்டே போன கட்டைவிரல் குறி இந்தக் கேள்வியின்மீதும் விழுந்திருந்தது. நிறுத்தச் சொன்னாரா, பார்த்துவிட்டேன் என்றாரா?

‘எதற்கும் சாருக்கு ஒரு நகல் அனுப்பிவிடு’ என்ற பழக்கம்தான் இதற்கு வேர். தகவலை அனுப்பியதும் பொறுப்பு கைமாறிவிட்டதாக அனுப்பியவர் நினைக்கிறார். பெறுபவரோ சுலபமானதற்குப் பதில் போட்டுவிட்டு, யோசிக்க வேண்டியதைத் தள்ளிவைக்கிறார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால், மனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஆய்வு செய்து எழுதினார். அந்த அரை மனத்தோடுதான் பல கோப்புகளில் கையெழுத்து விழுகிறது.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு: ஆபரேட்டர் எதையும் செய்யத் தேவையில்லை என்றால் அது அலாரமே அல்ல. தலைவர்களும் தங்களுக்கு வரும் ஒவ்வொரு அறிக்கையையும் ‘இதைப் பார்த்து நான் என்ன செய்வேன்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். ஒன்றுமில்லை என்றால் அது வாராந்தர அறிக்கைக்குப் போகட்டும். இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் தலைவர்தான். ‘எனக்குத் தெரியாமல் இங்கே ஒரு துரும்பும் அசையாது’ என்ற பெருமையை விட மனம் வருவதில்லை.

முடிவு வேண்டும் என்றால் குழுவில் போடாமல் நேரே போன் செய்யச் சொல்லுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், என்ன முடிவு, எத்தனை மணிக்குள் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். அதற்குக் கட்டைவிரல் போதாது; சரி அல்லது வேண்டாம் என்று எழுதுங்கள்.