நூல் பிடித்தால் லண்டன் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்? சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேலை வைத்து அளந்தால் தப்பான விடைதான் வரும். உருண்டையை இழுத்துத் தட்டையாக்கிய படம் அது. வடக்கே போகப் போக எல்லாமே பெருத்துத் தெரியும்.

அதற்குப் பதில் ஓர் உலக உருண்டையும் கொஞ்சம் தையல் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சென்னையில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை லண்டன் பக்கம் இழுங்கள். நூல் விறைக்கும்போது தானே வழுக்கிக்கொண்டு போய் ஒரு வழியில் நிற்கும்: தெற்குக் குஜராத், பலுசிஸ்தான், ஈரான், பிறகு காஸ்பியன் கடல், உக்ரைன். பாதி வழி வருவது காஸ்பியன் கடல் மேல்தான். இதைவிடக் குறுகிய வழி கிடையாது. பூமியை நடு மையம் வழியாக இரண்டாக வெட்டினால் மேற்பரப்பில் விழுமே ஒரு வட்டம், அந்தப் 'பெருவட்ட'த்தின் ஒரு துண்டுதான் இந்த நூல்.

கணினி இதே நூலைக் கோணமாக அளக்கிறது. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது அவற்றுக்கு இடையே எத்தனை பாகை (டிகிரி) என்று கோள முக்கோணவியல், அதாவது உருண்டைப் பரப்புக்கான முக்கோணக் கணக்கு, சொல்லிவிடும். சென்னைக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே ஏறக்குறைய 74 பாகை. இங்கேதான் மாலுமிகளின் பழைய சாமர்த்தியம் கைகொடுக்கிறது. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று வரும்படிதான் அந்த அளவையே வகுத்தார்கள். 74-ஐ 60-ஆல் பெருக்கினால் 4,440 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால் சுமார் 8,220 கி.மீ. பூமி துருவங்களில் கொஞ்சம் சப்பையாக இருப்பதால் இந்தக் கணக்கு நூற்றுக்கு அரை பங்குவரை பிசகலாம், அவ்வளவுதான்.

சரி, நேரம்? மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்தால் 9 மணி 8 நிமிடம். ஏறி இறங்க அரை மணி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 900 காற்றுக்குள் விமானத்தின் வேகம், காற்றே நகர்ந்தால்? இந்த வழியில் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று வீசும். 80 கி.மீ. எதிர்காற்று என்றால் போகும்போது 53 நிமிடம் கூடும். அதே காற்று திரும்பும்போது முதுகில் தள்ளினாலும் மிச்சமாவது 45 நிமிடம்தான். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், ஆகவே போட்டது முழுதாகத் திரும்பி வராது. பின்காற்று பலமாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரி நல்ல உதாரணம். நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, புயல் தள்ளியதில் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது.

காற்றைக்கூடக் கணக்கில் அடக்கிவிடலாம், எல்லைகளை முடியாது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. நூல் காட்டும் வழியில் இன்று யாரும் பறக்க முடியாது. சுற்றித்தான் போகவேண்டும்.

அப்புறம், டிக்கெட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். காலை 5.30-க்குக் கிளம்பி நண்பகல் 12-க்கு லண்டன் என்று போட்டிருந்தால் ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். இரண்டும் அந்தந்த ஊர் மணி. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் 11 மணி நேரம்.