ஒரே சர்க்கரை அளவு, இரு வேறு சிறுநீரகங்கள்

உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோயுடன் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழும் ஒரு பெண், தம் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையை என் மேசைமேல் வைத்து, அதன்மேல் தம் நோட்டுப் புத்தகத்தையும் விரித்து வைத்தார். நாளொன்றுக்கு ஐந்தாறு முறை விரல் நுனியில் குத்திப் பார்த்த அளவுகளும், வேளைதோறும் போட்டுக்கொண்ட இன்சுலின் யூனிட்டுகளும் அதில் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைச் சதவீதத்தில் காட்டும் எச்பிஏ1சி, கடந்த ஆறு ஆண்டுகளில் அவருக்கு ஒருமுறைகூட 7.4-ஐத் தாண்டவில்லை. ஆனால் அறிக்கையில், சிறுநீரகம் பாதிக்கப்படும்போது சிறுநீரில் கசியும் புரதமான ஆல்புமின் 96 என்று இருந்தது; சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு அது 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். “நான் எங்கே தவறினேன் டாக்டர்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ‘எங்கோ கட்டுப்பாடு தவறியிருக்கும்’ என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். சர்க்கரை கூடினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடும் என்பதைத்தான் எங்களுக்குக் கற்பித்தார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், நோயாளிக்குத் தேவையற்ற குற்றவுணர்வும் மருத்துவருக்குத் தேவையற்ற அலட்சியமும் வந்து சேர்கின்றன.

முதலில் சர்க்கரையின் பங்கைக் குறைத்துச் சொல்லாமல் பார்ப்போம். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக டைப் 1 நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி என்ற ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அக்காலத்து வழக்கமான சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளோ இன்சுலின் பம்போ கொண்ட தீவிர சிகிச்சையும் தரப்பட்டன. முதல் பிரிவின் எச்பிஏ1சி ஏறக்குறைய 9 ஆகவும், இரண்டாம் பிரிவினுடையது 7-ஐ ஒட்டியும் நின்றது. தொடக்கத்தில் விழித்திரை பாதிப்பு இல்லாதிருந்தவர்களில், தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு ஏறியது என்ற விலையையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும்.

இதைவிட நேரடியான சான்று ஒன்று உண்டு. சர்க்கரை நோய் இல்லாதவரின் சிறுநீரகத்தைச் சர்க்கரை நோயாளிக்குப் பொருத்தினால், சில ஆண்டுகளில் அந்தப் புதிய சிறுநீரகத்திலும் சர்க்கரை நோய்க்கே உரிய மாற்றங்கள் தோன்றுகின்றன. மறுபக்கம், இன்சுலின் சுரக்கும் கணையத்துக்கு மாற்று அறுவை செய்துகொண்ட டைப் 1 நோயாளிகள் எட்டுப் பேரின் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1998-இல் வெளியானது. சர்க்கரை இயல்புக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் திசுவில் முன்னேற்றமில்லை. பத்தாவது ஆண்டில் பாதிப்பு பின்வாங்கியிருந்தது. சர்க்கரை வந்தால் பாதிப்பு வருகிறது, போனால் மெல்லப் போகிறது என்றால் அதைக் காரணம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அப்படியானால் பாதிப்பு ஏன் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே அளவில் வருவதில்லை? ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது, உடலின் பெரும்பாலான செல்கள் தமக்குள் நுழையும் குளுக்கோஸைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்ச் செல்கள், சிறுநீரக வடிகட்டிகளின் நடுவே உள்ள செல்கள், நரம்பைச் சுற்றியுள்ள செல்கள் ஆகியவற்றால் அது சரிவர முடிவதில்லை. வெளியே 300 இருந்தால் உள்ளேயும் குளுக்கோஸ் பெருகி, செல்லின் எரிசக்தி வழிகள் திணறி, புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு, நாளடைவில் சுவர் தடித்துக் கசியத் தொடங்குகிறது.

இனி மறுபாதி. டிசிசிடி தரவுகளை மீண்டும் அலசி 2008-இல் வெளியிட்ட பகுப்பாய்வில் இரண்டு எண்கள் அருகருகே வருகின்றன. இரு சிகிச்சைப் பிரிவுகளுக்கும் இடையே விழித்திரை பாதிப்பில் இருந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 96 சதவீதத்தை எச்பிஏ1சி-யில் இருந்த வேறுபாடே விளக்கிவிடுகிறது. ஆனால் ஆய்வில் இருந்த அத்தனை பேரையும் தனித்தனி மனிதர்களாக எடுத்துக்கொண்டு, யாருக்குப் பாதிப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார்த்தால், எச்பிஏ1சி-யும் நோயின் காலமும் சேர்ந்து விளக்குவது ஏறக்குறைய 11 சதவீதம்தான். இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ‘சர்க்கரைக்கும் சிக்கலுக்கும் பெரிய தொடர்பில்லை’ என்று வாதிடுவோரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் முதல் எண்ணைப் படிப்பதில்லை. தீவிர சிகிச்சையால் கிடைத்த பலன் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை குறைந்ததால்தான் கிடைத்தது என்கிறது முதல் எண். ஒரே அளவு சர்க்கரையைச் சுமக்கும் இருவரில் ஒருவர் தப்பி மற்றவர் அகப்படுவதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு என்கிறது இரண்டாவது. இரண்டுக்கும் முரண்பாடில்லை.

அந்த வேறு காரணங்களில் நம் கைக்கு எட்டக்கூடியது ரத்த அழுத்தம். 1973-இல் பதிவான ஒரு நோயாளியின் விவரத்தை மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. அந்தச் சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்கச் சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனி மட்டும் குறுகியிருந்தது. மறுபக்கச் சிறுநீரகத்தில் சர்க்கரை நோயின் அடையாளமான முடிச்சுகள் நிறைந்திருக்க, தமனி குறுகிய பக்கத்தில் அவை இல்லை. இரண்டு சிறுநீரகங்களுக்கும் போனது ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை. முழு அழுத்தமும் போய்ச் சேர்ந்ததோ ஒன்றுக்கு மட்டும். ஒரே ஒருவரின் கதையைக் கொண்டு விதி எழுத முடியாது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு தொடங்கிவிட்ட டைப் 1 நோயாளிகள் 409 பேரிடம் கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சோதித்து 1993-இல் வெளியான ஆய்வு அதே திசையைத்தான் காட்டியது: மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் அபாயம் பாதியாகக் குறைந்தது. சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பரம்பரையின் பங்கு கைக்கு எட்டாதது. ஒரே குடும்பத்தில் சர்க்கரை நோயுள்ள உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டு 1989-இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் செயலிழந்து மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் உடன்பிறந்தவர்களில் 83 சதவீதத்தினருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. அத்தகைய பாதிப்பு இல்லாதவரின் உடன்பிறந்தவர்களில் அது 17 சதவீதமே. ஒரே வீட்டுப் பழக்கங்களும் இதில் கலந்திருக்கலாம் என்றாலும், இடைவெளி சிறியதன்று. புகைப்பழக்கம் கூடுதல் தீங்கு என்பதை விளக்கத் தேவையில்லை.

டைப் 1 நோயுடன் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவர்களை அமெரிக்காவின் ஜோஸ்லின் மையம் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. அவர்களில் கணிசமானோருக்குப் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. சிலருடைய உடலில் இன்றும் சிறிதளவு இன்சுலின் சுரப்பதும் தெரியவந்திருக்கிறது. என்னிடமும் அப்படி ஒருவர் வருகிறார்: நாற்பத்து நான்கு ஆண்டுகள் நோய், முதல் இருபது ஆண்டுகள் எச்பிஏ1சி 9-க்குக் குறைந்ததே இல்லை, விழித்திரையில் இரண்டு மூன்று புள்ளிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. தம் அண்ணன் மகனுக்கும் இந்நோய் வந்தபோது, “என்னைப் பார், ஒன்றும் ஆகவில்லை” என்று அவர் தைரியம் சொன்னதுதான் எனக்குக் கவலை தந்தது. அவருடன் சிகிச்சை தொடங்கிய பலர் இன்று உயிருடன் இல்லை என்பதையும், தப்பியவர்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போடக் கூடாது என்பதையும் அந்தப் பையனிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் சொன்ன பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவர் கொண்டுவந்த நோட்டுப் புத்தகம் ஆறு ஆண்டுகளுக்குரியது; நோயோ இருபத்திரண்டு ஆண்டுகளுக்குரியது. பதின்மூன்று வயதிலிருந்து பள்ளி முடியும்வரை எச்பிஏ1சி 11-ஐ ஒட்டியே இருந்ததாக அவர் தாயார் நினைவுகூர்ந்தார். பருவ வயதின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்கும் காலம் அது. அதைப் பிள்ளையின் அடங்காமை என்று சொல்வது நியாயமன்று. டிசிசிடி முடிந்தபின் இரு பிரிவினரின் எச்பிஏ1சி-யும் 8-ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஆனாலும் பழைய வேறுபாட்டின் விளைவு கண்ணிலும் சிறுநீரகத்திலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முந்தைய சர்க்கரையைத் திசுக்கள் மறப்பதில்லை. போதாக்குறைக்கு, எச்பிஏ1சி என்ற எண்ணும் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் அது உண்மையைவிடக் குறைவாகவும், இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாகவும் காட்டக்கூடும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய பழைய கோப்பைப் புரட்டியபோது, கடைசி மூன்று வருகைகளிலும் ரத்த அழுத்தம் 138/88, 136/86, 140/88 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எச்பிஏ1சி நன்றாக இருந்த மகிழ்ச்சியில் அதை நான் கடந்துபோயிருக்கிறேன். டைப் 1 நோயில் அழுத்தம் ஏறுவது சிறுநீரகப் பாதிப்பின் விளைவாகவும் இருக்கும், அப்பாதிப்பை விரைவுபடுத்தும் காரணமாகவும் இருக்கும். எப்படியாயினும் கவனித்திருக்க வேண்டியது.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் ஆகியவற்றாலும் ஆல்புமின் தற்காலிகமாக ஏறும் என்பதால், அடுத்த மூன்று மாதங்களில் இரண்டு முறை சோதனையைத் திரும்பச் செய்தோம். 88, 91 என்று வந்தது. வீட்டில் எடுத்த அழுத்தமும் உயர்ந்தே இருந்ததை உறுதிசெய்துகொண்டு, கேப்டோப்ரில் வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரையைத் தொடங்கினேன். கருவுற்றால் கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்து அது என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்பதை இருமுறை விளக்கினேன். இரண்டு வாரம் கழித்து பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தோம். இன்சுலின் அளவில் கை வைக்கவில்லை. அதில் திருத்த எதுவும் இல்லை. எட்டு மாதம் கழித்து ஆல்புமின் 41-க்கு வந்தது. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இப்போது ரத்த அழுத்தத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. என்னுடைய கோப்புகளிலும் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.